பிள்ளை பிறந்த பின்னரே பெயர்

(பல்லடத்தில் அறிவியலாசிரியரும் தமிழாசிரியரும் பெற்றோரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பள்ளியில் வேதியியலைப் பிள்ளைகள் உள்ளத்தில் பதியும்படி கற்பிப்பது எவ்வாறு என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றனர். இத்துறையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்னும் உரிமையால் பேசுகின்றேன். ஆனால் என் வெற்றியைச் சொல்லித் தொடங்கப் போவதில்லை. என் பிழையொன்றைச் சொல்லித் தொடங்குகின்றேன்.

ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் எனக்குத் தமிழுணர்வு கொழுந்துவிட்டு எரிந்த காலம். வகுப்பறைக்குள் பிறமொழிச் சொல் ஒன்றும் நுழையலாகாது என்று உறுதி பூண்டேன். பிராணவாயுவை உயிர்வளி ஆக்கினேன். கரியமில வாயுவைக் கரிவளி ஆக்கினேன். பிள்ளைகளும் அவ்வாறே எழுதினர். விடைத்தாளைத் திருத்தும்போது தூய தமிழில் அமைந்த வரிகளைக் கண்டு நெஞ்சு நிமிர்ந்தேன்.

ஒரு கோடை. பக்கத்துச் சிற்றூரில் நீர் வற்றிய ஆழ்கிணறு ஒன்றைத் தூர்வார முற்பட்டனர். ஊர்ப் பெரியவர் ஒருவர், ஆள் இறங்குமுன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டார். பாதியாழம் போனதும் சுடர் சுருங்கி அணைந்தது. "இறங்காதீங்க!" என்று தடுத்துவிட்டார். அங்கு என் மாணாக்கன் ஒருவன் நின்றிருந்தான். அறிவியலில் வகுப்பின் முதல்வன். "விளக்கு ஏனப்பா அணைந்தது?" என்று கேட்டேன். "உள்ளே கெட்ட காத்து இருக்குதுங்க ஐயா" என்றான். "கெட்ட காற்று என்றால் என்ன?" என்றேன். விழித்தான். "சரி, கரிவளியின் இயல்புகளைச் சொல்" என்றேன். மூச்சு விடாமல் சொன்னான்: "நிறமற்றது, மணமற்றது, காற்றைவிடக் கனமானது, எரிதலுக்குத் துணை செய்யாது." "அதுதானே கிணற்றுக்குள் நிற்கின்றது?" என்றேன். அவன் என்னை வியப்போடு பார்த்துச் சொன்னான்: "அதுங்க... பாடத்துல வர்றதுங்களே ஐயா!"

பெருமக்களே! அந்த ஒரு விடையில் என் பணியின் தோல்வி முழுவதும் அடங்கியிருந்தது. அவன் முன்பு வாயுவை நெட்டுருச் செய்தான். நான் வந்தபின் வளியை நெட்டுருச் செய்தான். சொல் மாறிற்று, குருட்டுத்தனம் மாறவில்லை. படிக்காத அந்தப் பெரியவர்க்குப் பெயர் தெரியாது, செயல் தெரிந்திருந்தது. படித்த பிள்ளைக்குப் பெயர் தெரிந்திருந்தது; கண்முன் நிற்கும் பொருள் தெரியவில்லை. அன்றுதான் ஒன்றை உணர்ந்தேன். பிள்ளை பிறந்த பின்னர் அதற்குப் பெயர் சூட்டுகின்றோம். வகுப்பறையிலோ, பிறவாத பிள்ளைக்குப் பெயர் சூட்டிவிட்டுத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கின்றோம். அது தமிழ்ப்பெயராயினும் வெறுந்தொட்டில் வெறுந்தொட்டில்தானே?

மூன்று நிலைகள்

வேதியியல் பிள்ளைகளுக்குக் கடினமாக இருப்பது ஏன்? கிளாசுகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அலெக்சு சான்சுடன் என்னும் வேதியியற் பேராசிரியர் 1980களில் இதற்கு ஒரு தெளிவான விடை கண்டார். வேதியியலுக்கு மூன்று நிலைகள் உள. முதலாவது, கண்ணாற் காண்பது. சுண்ணாம்பு கொதிக்கின்றது, இரும்பு துருப்பிடிக்கின்றது. இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத அணுக்களின் உலகம். மூன்றாவது, குறியீடும் வாய்பாடும் சமன்பாடும். வேதியியலறிஞர் இம்மூன்றிடையே கணநேரத்தில் ஏறி இறங்குவார். பிள்ளையை ஒரே நேரத்தில் மூன்றிலும் நிறுத்தினால் அதற்குத் தலை சுற்றும். நாமோ அதனினும் கொடியதைச் செய்கின்றோம். முதல் நிலையைக் காட்டாமல், இரண்டாம் நிலையைச் சொல்லாமல், மூன்றாம் நிலையாகிய குறியீட்டைக் கரும்பலகையில் எழுதி "படியெடுத்துக்கொள்" என்கின்றோம்.

ஏறவேண்டிய ஒழுங்கு வேறு. முதலில் பொருளைக் காட்டுக. அடுத்து, 'என்ன நிகழும்?' என்று முன்கூட்டியே பிள்ளையைச் சொல்லச் செய்க. பின்னர் நிகழ்த்திக் காட்டுக. அவன் சொன்னது பிழைத்தால் நல்லது; அந்த வியப்பில்தான் கல்வி தொடங்குகின்றது. அதன்பின் அணுக்களை எண்ணிப் பார்க்கச் செய்க. அதன்பின் பெயர். இறுதியில் குறியீடு.

சுண்ணாம்பு எனும் பாடநூல்

இதற்கு விலையுயர்ந்த ஆய்வகம் வேண்டுமோ என்று கேட்பீர்கள். கொங்குநாட்டுப் பிள்ளைக்குச் சுண்ணாம்பு ஒன்று போதும். மதுக்கரையின் சுண்ணாம்புக்கல்லை நாம் அறிவோம். காளவாயை அறிவோம். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதை அறிவோம். ஆனால் இம்மூன்றும் ஒரே பாடத்தின் மூன்று பக்கங்கள் என்பதை எப்பள்ளியில் சொல்லிக்கொடுத்தோம்?

தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைக் காளவாயிலிட்டு முழுமையாகச் சுட்டால் கிடைப்பது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. மீதி 44 கிலோ எங்கே? பிள்ளையைக் கேளுங்கள். "எரிந்து போயிற்று" என்பான். "எரிந்து எங்கே போயிற்று?" என்று மீண்டும் கேளுங்கள். அதுதான் வேதியியலின் நுழைவாயில். அந்த 44 கிலோவும் கரிவளியாகிக் காற்றில் கலந்தது. என் மாணாக்கன் கிணற்றில் கண்டும் காணாத அதே கரிவளி!

அடுத்து, அந்த 56 கிலோவை 18 கிலோ நீர் சேர்த்து நீற்றினால் 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு ஆகின்றது. நீற்றும்போது கொதிக்கின்றதே, அடுப்பு எங்கே? வினையே அடுப்பு. இதனைப் பிள்ளை கையில் கொடுத்துவிடாதீர்கள். ஆசிரியரே எட்ட நின்று, கண்ணுக்குக் காப்பிட்டுக்கொண்டு, சிறிதளவு செய்து காட்டவேண்டும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். இறுதியில் சுவர். வெள்ளையடித்த சுண்ணாம்பு காற்றிலிருந்து அதே 44 பங்குக் கரிவளியை மெல்ல மெல்ல உட்கொண்டு, 18 பங்கு நீரை வெளிவிட்டு, மீண்டும் 100 பங்குச் சுண்ணாம்புக்கல் ஆகின்றது. மலையிலிருந்து புறப்பட்ட கல் நம் வீட்டுச் சுவரில் மீண்டும் கல்லாகின்றது. இடையே ஒரு குன்றிமணி எடையும் கூடவுமில்லை, குறையவுமில்லை. பிரான்சு நாட்டு இலவாசியே தம் தராசால் உறுதிசெய்த பொருண்மை அழியாமை இதுதான்.

இப்போது அணுக்களின் நிலைக்கு வருவோம். கால்சியத்துக்கு ஒரு சோழி. கரிமத்துக்கு ஒரு புளியங்கொட்டை. உயிர்வளிக்கு மூன்று மொச்சைக்கொட்டை. இவ்வைந்தையும் தரையில் சேர்த்து வைத்தால் சுண்ணாம்புக்கல்லின் ஓர் அலகு. "சூடு கொடு" என்று சொல்லுங்கள். புளியங்கொட்டையும் இரண்டு மொச்சையும் ஒன்றாக விலகிப் போகின்றன, அது கரிவளி. சோழியும் ஒரு மொச்சையும் நிற்கின்றன. அது சுட்ட சுண்ணாம்பு. "கொட்டை ஏதேனும் தொலைந்ததா? புதிதாக முளைத்ததா?" என்று கேளுங்கள். எண்ணிப் பார்த்து "இல்லை" என்று பிள்ளையே சொல்லட்டும். அதற்கப்பால் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதினால், தான் தரையில் செய்ததன் சுருக்கெழுத்து அது என்று அவனுக்கு விளங்கும். சமன்பாட்டைச் சமன்செய்தல் என்பது கணக்குத் தந்திரமன்று. கொட்டை தொலையாமற் பார்த்துக்கொள்ளும் நேர்மை!

தராசிலும் காட்டலாம். கெட்டியான குப்பியொன்றில் புளிக்கரைசலும், சிறு பொட்டலத்தில் 2 கிராம் சமையற் சோடாவும் வைத்து நிறுங்கள். மூடாமற் கலந்தால் நுரைத்துப் பொங்கி எடை குறையும். மூடியை இறுக மூடிவிட்டுக் கலந்தால் எடை குறையாது. நகைக்கடையிலுள்ளது போன்ற ஒரு சிறு மின்தராசு போதும். முதல் ஆய்வை மட்டும் கண்ட பிள்ளை, பொருள் அழிந்தது என்பான். இரண்டையும் கண்டவன் 'தப்பித்துப் போயிற்று' என்பான். அழிவுக்கும் தப்பித்தலுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தவனே வேதியியல் கற்றவன்.

ஆலத்தித் தட்டும் அமிலமும்

மஞ்சள் விளையும் நாடு நம்முடையது. ஈரோட்டுச் சந்தையை உலகறியும். மணமக்களுக்கு ஆலத்தி சுற்றும் தட்டில் மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்ந்ததும் செக்கச் செவேலென்று ஆகின்றதே, அதனைக் காணாத கொங்குப் பிள்ளை உண்டா? அதே நீரில் புளிக்கரைசலை விட்டால் மீண்டும் மஞ்சளாகும். புளிப்புக்கு ஒரு நிறம், காரத்துக்கு ஒரு நிறம் காட்டும் நிறங்காட்டி அது. ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் லிட்மசுத் தாளைப் படத்தில் காட்டும் நாம், பிள்ளை பிறந்தநாள் முதல் வீட்டில் காணும் நிறங்காட்டியை மறந்துவிட்டோம்.

பாடநூல் அமிலம் என்கின்றது. அம்லம் என்னும் வடசொல்லுக்குப் புளிப்பு என்பதே பொருள். அமிலம் என்று சொன்னால் பிள்ளைக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. புளிமம் என்றோ காடி என்றோ சொல்லிப் பாருங்கள். நாவில் நீர் ஊறும். சொல்லே பாதிப் பாடத்தை நடத்திவிடும். மஞ்சள் நீர் நிறம் மாறுவதைக் கண்ட பின்னர் அச்சொல்லைச் சொல்லுங்கள். மீதிப் பாடமும் முடிந்துவிடும். ஆனால் எல்லாவற்றையும் சுவைத்துப் பார்க்கலாகாது என்பதையும் உடனே சொல்லிவைக்கவேண்டும்.

பெயர்களின் கதை

இப்போது பெயர்களுக்கு வருவோம். பெயர் பின்னர் வரவேண்டும் என்றேனே தவிர, எப்பெயராயினும் சரி என்று நான் சொல்லவில்லை. 1787இல் இலவாசியேயும் அவர்தம் தோழர் மூவரும் வேதியியற் பெயர்முறை நூலொன்றை வெளியிட்டனர். அதற்கு முன்னர்ப் பொருள்களுக்கு ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் கட்டுக்கதைப் பெயருமே இருந்தன. பெயரைக் கேட்டவுடன் அப்பொருள் எவற்றால் ஆயது என்று விளங்கவேண்டும் என்பது அவர்களின் கொள்கை. புளிப்பைப் பிறப்பிப்பது என்னும் பொருளில் அவர்கள் இட்ட பெயரே ஆக்சிசன். அது பிழையான கருத்து. உப்பிலிருந்து வரும் அமிலத்தில் உயிர்வளியே இல்லை என்று 1810 அளவில் ஆம்பிரி தேவி காட்டினார். ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

செருமானியர் என்ன செய்தனர்? ஆக்சிசனைத் தம் மொழியில் 'புளிப்புப்பொருள்' என்றனர். ஐதரசனை 'நீர்ப்பொருள்' என்றனர். கார்பனைக் 'கரிப்பொருள்' என்றனர். இன்றும் அவர்தம் பிள்ளைகள் அவ்வாறே படிக்கின்றனர். வேதியியலில் செருமனி பின்தங்கிவிட்டதா? சப்பானில் உதகாவா யோஆன் என்பவர் 1837 முதல் வேதியியல் நூலொன்றை வெளியிட்டார். நூலின் பெயரில் ஒல்லாந்தச் சொல்லை ஒலிபெயர்த்தே வைத்தார். உள்ளேயோ நீர்மூலம், புளிமூலம் என்னும் பொருள்தரும் சொற்களைத் தம் மொழியில் ஆக்கினார். இன்றும் அங்கு அவையே வழக்கு. இவ்விரு நாட்டாரும் குறியீட்டை மட்டும் உலகப் பொதுவாக வைத்துக்கொண்டனர். பெயர் வீட்டுக்கு, குறியீடு உலகுக்கு. தமிழ்ப்பெயரால் கற்றால் பிள்ளை அயல்நாட்டில் தடுமாறுவான் என்போர்க்கு இதுவே விடை.

தமிழுக்கும் இவ்வரலாறு உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர் 1860களில் தமிழுக்கு மாறினார். மருத்துவத்துக்கு வேண்டிய வேதியியலுக்கும் தமிழில் நூல் செய்தார். 1875இல் வந்த அந்நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. பெயர் தமிழன்று, ஆனால் ஆசிரியன் மாணாக்கனின் மொழிக்கு வந்து சேரவேண்டும் என்னும் அறம் அதில் இருந்தது. மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்ட அதே 1916இல் சேலத்தில் இராசாசி முதலியோர் அறிவியற் சொல்லாக்கத்துக்கென ஒரு சங்கம் அமைத்தனர். பிற்காலத்தில் இராசாசி 'திண்ணை ரசாயனம்' என்றொரு நூலும் எழுதினார். அவர்தம் மொழிக்கொள்கையில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் வேதியியலைத் திண்ணைக்குக் கொண்டுவரலாம் என்று எண்ணினாரே, அவ்வெண்ணத்தை ஏற்கத் தடையென்ன? நம் கோவையிலேயே 1948 முதல் 'கலைக்கதிர்' அறிவியலைத் தமிழில் வழங்கிற்று, பூ.சா.கோ. நிறுவனங்களின் தாமோதரனார் அதனை வளர்த்த தொண்டு மறக்கற்பாலதன்று.

இவ்வளவு முயற்சிக்குப் பின்னும் இன்றைய நிலை என்ன? மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை உயிர்வளி, கரிவளி என்று படிக்கின்றான். ஈழத்துப் பிள்ளை ஒட்சிசன், காபனீரொட்சைட்டு என்று படிக்கின்றான். நம் பிள்ளை ஆக்சிசன், கார்பன் டை ஆக்சைடு என்று படிக்கின்றான். மூன்று தமிழ்ப்பிள்ளைகள் ஒரு கிணற்றடியில் நின்றால், உள்ளே நிற்கும் ஒரே வளியை மூன்று பெயரால் அழைப்பர்.

ஈழத்தார் சொல்லில் ஓர் அருமை உண்டு, கவனியுங்கள். காபன், ஒட்சைட்டு இரண்டும் அயற்சொற்கள். ஆனால் நடுவே நிற்கும் 'ஈர்' தமிழ்! ஒன்று ஓர் ஆகும். இரண்டு ஈர் ஆகும். மூன்று மூ ஆகும். காபனோரொட்சைட்டு, காபனீரொட்சைட்டு, கந்தகமூவொட்சைட்டு. பெயரைப் பிரித்தால் அணுவின் எண்ணிக்கை வந்துவிடுகின்றது. 'மோனோ', 'டை', 'டிரை' என்னும் கிரேக்க எண்களை நெட்டுருச் செய்யும் நம் பிள்ளைக்கு, தமிழாசிரியர் கற்பித்த எண்ணுப்பெயர்ப் புணர்ச்சியே வேதியியல் ஆகியிருக்கக் கூடாதா? இதனால்தான் இக்கூட்டத்துக்குத் தமிழாசிரியரையும் அழைக்கச் சொன்னேன். இலக்கண வகுப்பும் வேதியியல் வகுப்பும் அடுத்தடுத்த அறைகளில் நடக்கின்றன. நடுச்சுவரை யாரும் தட்டுவதில்லை.

எண்ண முடியாததை எண்ணுதல்

மேல்வகுப்புப் பிள்ளைகள் பலர் 'மோல்' என்னும் இடத்தில் தடுக்கி விழுகின்றனர். அங்கிருந்து வேதியியலையே வெறுக்கின்றனர். பல்லடத்துப் பிள்ளைக்கு இது கடினமாக வேண்டியதில்லை. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் பொத்தானைக் குரோசுக் கணக்கில் வாங்குகின்றனர். ஒரு குரோசு 144. சிறு பொத்தானாயினும் பெரும் பொத்தானாயினும் குரோசு 144 தான், எடைதான் வேறு. ஒவ்வொன்றாக எண்ணுவது வீண்வேலை. ஒரு குரோசின் எடை தெரிந்தால் மூட்டையை நிறுத்தே எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம். மோல் என்பதும் ஒரு குரோசே. 144க்கு மாறாக அதன் எண்ணிக்கை 6.022 பெருக்கல் 10இன் 23ஆம் அடுக்கு. 2019 முதல் இவ்வெண்ணையே நிலையாக வைத்து மோலுக்கு வரையறை கூறுகின்றனர். ஒரு மோல் கரிமம் 12 கிராம். ஒரு மோல் நீர் 18 கிராம். ஒரு மோல் கரிவளி 44 கிராம். காளவாயில் கண்ட 44, 18 ஆகிய எண்கள் எங்கிருந்து வந்தன என்பது இப்போது விளங்குகின்றதா?

தறிவீட்டுப் பிள்ளைக்கு இன்னும் எளிது. ஒரு பவுண்டு எடையில் 840 கெச நீளமுள்ள சிட்டங்கள் எத்தனையோ, அதுவே பருத்தி நூலின் எண். 20ஆம் எண் நூலும் 40ஆம் எண் நூலும் ஒரே எடையில் எடுத்தால், பின்னதில் இருமடங்கு நீளம் இருக்கும். எடை ஒன்றாக இருந்தால் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கும் என்பதில்லை என்பதைத் தறியோட்டியின் மகன் பிறவியிலேயே அறிந்திருக்கின்றான். அவனை வகுப்பில் கடைசியிருக்கையில் அமர்த்தி, 'கணக்கு வராதவன்' என்று முத்திரை குத்துவது அறமாகுமா?

கரைந்தது மறைந்ததாகாது

பெருமக்களே! இவையெல்லாம் மதிப்பெண்ணுக்காக என்று கருதிவிடாதீர்கள். அறியாமைக்கு இம்மண் கொடுத்த விலையை எண்ணிப் பாருங்கள். 'கரைதல் என்றால் என்ன?' என்பது ஆறாம் வகுப்புப் பாடம். சாயத்தைத் துணியில் ஏற்றுவதற்கு உப்பை அள்ளி அள்ளிக் கொட்டுகின்றனர். உப்பு சாயத்தைத் துணிப்பக்கம் தள்ளிவிடுகின்றதே அன்றித் துணியில் தங்குவதில்லை. கொட்டிய உப்பு கழுவுநீரில் வெளியே வந்துவிடுகின்றது. சுண்ணாம்பு முதலியவற்றை இட்டு நிறத்தையும் கசட்டையும் பிரித்துவிட்டால் நீர் தெளிவாகத் தோன்றும். தெளிவு தூய்மையாகுமா? உப்பு கண்ணுக்குத் தெரியாமல் அதற்குள்ளேயே நிற்கின்றது. வடிதுணியால் கடல்நீரைக் குடிநீர் ஆக்க முடியுமோ?

அந்த உப்புத்தான் நொய்யலில் இறங்கிற்று. பாசனத்துக்கென்று 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கிணறுகள் கைத்தன; நிலங்கள் பாழ்பட்டன. உழவர் வழக்காடினர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன்பின் கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறா முறைக்கு மாறிய பட்டறைகளே மீண்டும் இயங்கலாயின. அழுத்தத்தால் நுண்சவ்வு வழியே நீரைப் பிரித்து, எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி, உப்பை மீட்கும் அம்முறைக்கு ஆகும் செலவும் எரிபொருளும் மிகுதி. கரைத்தது எளிது, பிரிப்பது அரிது. பேராசையே இதற்கு முதற்காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கரைந்தது மறைந்தது என்று நம்பிய ஓர் ஊரை ஏமாற்றுவது எளிது என்பதையும் மறக்கவேண்டா. நீரில் உப்பைக் கரைத்து நிறுத்து, பின் காய்ச்சி, அதே எடை உப்பைத் திரும்ப எடுத்த பிள்ளைகள் நிறைந்த ஊரை அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியாது.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழ, மூவர் மாண்டார் நால்வர் மாண்டார் என்று செய்தித்தாளில் எத்தனை முறை படித்துவிட்டோம்! கழிவுநீர்த் தொட்டியைக் காப்பின்றி ஆளை இறக்கித் துப்புரவு செய்விப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கின்றது. ஆயினும் சாவு நிற்கவில்லை.

கிணற்றில் விளக்கை விட்டுப் பார்த்த பெரியவரை மீண்டும் நினையுங்கள். அவ்வறிவு ஊர்க்கிணற்றுக்கு உதவிற்று. அதனைக் காரணம் அறியாமல் கழிவுத் தொட்டிக்குக் கொண்டுபோனால் என்னாகும்? அங்கு நீரகமும் கந்தகமும் சேர்ந்த நச்சுவளி உண்டு. சிறிதளவே ஆளைக் கொல்லும். ஆனால் விளக்கை அணைக்கும் அளவுக்கு அது இராது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு மிகுந்தால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் நின்றுவிடும். 'நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்' என்று நினைப்பவன் சாவான். அத்தொட்டியிலேயே சாண எரிவளிக் கலனில் எரியும் மீத்தேனும் இருக்கக்கூடும். விளக்கை விட்டால் வெடிக்கும்!

ஆகவே விளக்கு என்பது விதியன்று, ஒரு கேள்வி. எந்த வளி, எவ்வளவு கனம், எரியுமா, எரியவிடுமா என்று கேட்கத் தெரிந்தவனுக்கே அது பயன்படும். காற்றின் மோல் எடை ஏறத்தாழ 29. கரிவளி 44, அது பள்ளத்தில் தங்கும். கந்தக நீரக வளி 34, அதுவும் தாழும். மீத்தேன் 16, மேலெழும். வெளுப்புத் தூளில் அமிலம் பட்டால் எழும் குளோரின் 71, தரையோடு தவழும். பத்தாம் வகுப்பில் படித்த மோல் எடை, தொட்டியின் விளிம்பில் நிற்கும் இளைஞனுக்கு 'இறங்காதே' என்று சொல்லவேண்டும். அப்படிச் சொல்லாத கல்வி யாருக்கு?

என் வேண்டுகோள்

அறிவியலாசிரியர்களே! கரும்பலகையில் குறியீட்டை எழுதுமுன் பொருளைக் காட்டுங்கள். 'என்ன ஆகும்?' என்று கேளுங்கள். பிழையாகச் சொல்லும் பிள்ளையை நகையாடாதீர்கள். அவன்தான் எண்ணத் தொடங்கியிருக்கின்றான். தேர்வில் 'இயல்புகளை எழுதுக' என்று கேட்பதோடு நின்றுவிடாமல், 'கிணற்றில் விளக்கு ஏன் அணைந்தது?' என்றும் கேளுங்கள்.

தமிழாசிரியர்களே! வேதியியல் வகுப்பின் கதவைத் தட்டுங்கள். வேதித்தல் என்றால் மாற்றுதல் என்று அங்கே போய்ச் சொல்லுங்கள். ஒரு சொல்லைப் பிரித்துக் காட்டினால் ஒரு பொருளின் உள்ளமைப்பு விளங்கும் என்பதை நீங்களே மெய்ப்பிக்க வல்லவர்கள்.

தாய்மார்களே! பிள்ளை அடுக்களைக்கு வந்து வெந்நீர்ப் பானையின் உட்புறத்தில் படிந்த வெண்காறையைச் சுரண்டினால் விரட்டாதீர்கள். ஆழ்குழாய் நீரிலிருந்து மீண்டு வந்த சுண்ணாம்புக்கல் அது. சிறிது புளியை விட்டு, நுரைக்கின்றதா என்று அவனே பார்க்கட்டும்.

தமிழுணர்வுத் தோழர்களே! உங்களுக்கும் எனக்கும் சேர்த்தே இறுதியாக ஒன்று சொல்கின்றேன். நல்ல தமிழ்ச்சொற்களை ஆக்குவோம். மூன்று நாட்டுத் தமிழ்ப்பிள்ளைகளுக்கும் ஒரே சொல் வாய்க்கும்படி உழைப்போம். ஆனால் சொல்லைத் திருத்தியதோடு கடமை முடிந்தது என்று நான் இருந்துவிட்டேனே, அப்பிழையை நீங்கள் செய்யாதீர்கள். விளங்காத வடசொல்லுக்கு மாறாக விளங்காத தமிழ்ச்சொல்லைப் பிள்ளையின் வாயில் இடுவது தமிழ்த்தொண்டாகாது. தமிழ் நமக்குத் தாய்மொழி என்பதன் பொருள், அதில் எண்ணலாம், கேட்கலாம், மறுக்கலாம், முன்கூட்டியே அறியலாம் என்பதே.

அன்று கிணற்றடியில் நின்ற அம்மாணாக்கனை மறுநாளே வகுப்பில் எழுப்பினேன். அகன்ற ஏனத்தின் அடியில் மூன்று மெழுகுத்திரிகளை வெவ்வேறு உயரத்தில் நிறுத்தி ஏற்றினேன். சோடாவும் புளியும் கலந்த குப்பியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வளியை மட்டும் நீர் ஊற்றுவதுபோல் ஏனத்துள் ஊற்றச் சொன்னேன். தாழ்ந்த திரி முதலில் அணைந்தது. அடுத்தது பின்னர் அணைந்தது. உயர்ந்த திரி எரிந்துகொண்டிருந்தது. வெறுங்குப்பியை அவன் கவிழ்த்துப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "கிணறுங்க ஐயா!" என்று கத்தினான்.

அப்போதுதான் அவனிடம் சொன்னேன்: "இதன் பெயர்தான் கரிவளி."